பலாலியிலிருந்து சென்னை, ஆறு நாள்: கண் ஆஸ்பத்திரி, கூறை, மயிலாப்பூர், நூலகம் – எங்க தங்கிறது?

உரும்பிராய்_கிழக்கு:

வணக்கம். மாசிக் கடைசியில் மூன்று பேர் சென்னை போக யோசிக்கிறம். அம்மா (72 வயது, நீரிழிவு இருக்கு), நான், மகள். வேலை நாலு:

அம்மாவுக்கு நுங்கம்பாக்கத்தில் விழித்திரைப் பரிசோதனை, தேவைப்பட்டால் சிகிச்சை. மகளின்ர கூறையும் (கலியாணச் சேலை) இன்னும் ஒரு பன்னிரண்டு சேலையும் வாங்க வேணும். கபாலீசுவரர் கோயில். மகளுக்கு ஆய்வுக்காக தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் சில பழைய யாழ்ப்பாணப் பதிப்புகள் பார்க்க வேணும்.

கேள்விகள்: (1) யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமா, கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்காவா? (2) மூன்று பேருக்கும் ரூறிஸ்ற் விசா போதுமா? (3) தி.நகரில் அறை எடுத்தால் எல்லாத்துக்கும் கிட்ட எண்டு சொல்லுகினம், உண்மையோ? (4) ஆறு நாள் காணுமா?

—

மாவைக்கந்தன்:

முதல் விசா. அங்கதான் கனபேர் பிழைக்கினம்.

இந்திய இ-விசாவுக்கு அரசாங்கத் தளம் ஒண்டே ஒண்டுதான். தேடினால் அதே மாதிரி வடிவத்தில் தனியார் தளங்கள் மேல வந்து நிற்கும், இரண்டு மூன்று மடங்கு காசு எடுக்கும். முகவரியின்ர கடைசியில் gov.in எண்டு இருக்க வேணும். அது இல்லாட்டி மூடிவிடுங்கோ.

படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில், ஜேபெக் கோப்பாக 1 எம்பிக்குள்ள. கடவுச்சீட்டின் விபரப் பக்கம் பிடிஎஃப் ஆக 300 கேபிக்குள்ள. போனில் ஸ்கான் பண்ணினால் பெரும்பாலும் 2 எம்பி வரும். சுருக்கேக்க கீழ இருக்கிற இரண்டு வரி எழுத்துகள் மங்கக்கூடாது. கடவுச்சீட்டு, போய் இறங்கிற நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேணும், இரண்டு வெற்றுப் பக்கமும் வேணும். கடைசி நாலு நாளுக்குள்ள விண்ணப்பிக்க ஏலாது. ஆனால் நாலு நாளை நம்பாதேங்கோ, இரண்டு கிழமை முந்திப் போடுங்கோ. கட்டின காசு திரும்பாது.

எங்கட ஆக்களுக்கு வாற தனிப் பிரச்சினை பெயர். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயர் இடத்திலும், சொந்தப் பெயர் மற்றப் பெயர்கள் இடத்திலும் கிடக்கும். விமான ரிக்கெற் போடுகிற கடைக்காரர் அதை மாறிப் போடுவினம், அல்லது "தம்பி, நீளமாக்கிடக்கு" எண்டு வெட்டுவினம். விசா, ரிக்கெற், ஆஸ்பத்திரிப் பதிவு மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்து அப்படியே வர வேணும். இலக்கத்தில் ஓவும் பூச்சியமும் மாறினால் விசா கையில் இருந்தும் ஏற்ற மாட்டினம். புதிதாக விண்ணப்பிக்கிறதுதான் வழி.

உங்கட இரண்டாம் கேள்விக்கு: அம்மாவுக்கு மெடிக்கல் இ-விசா, உங்களுக்கு மெடிக்கல் அற்றென்டன்ற் இ-விசா. ஒரு நோயாளிக்கு இரண்டு உதவியாளர் வரைக்கும் விடுவினம், அப்ப மகளும் அதிலேயே வரலாம். இதுக்கு ஆஸ்பத்திரியின்ர கடிதத்தாளில் எழுதின கடிதம் வேணும். வெளிநாட்டு நோயாளர் பிரிவுக்கு பழைய அறிக்கைகளை மின்னஞ்சலில் அனுப்பினால் தருவினம். 60 நாள் இருக்கலாம், மூன்று தரம் உள்ள போய் வரலாம். 30 நாள் ரூறிஸ்ற் விசாவோட ஒப்பிட்டால் கடதாசி வேலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான். "சும்மா காட்டத்தான் போறம்" எண்டு போய் சத்திர சிகிச்சையில் முடியிறது கண் விசயத்தில் புதுமையில்லை.

விசாவில் 'கிரான்ரட்' (அனுமதிச்சாச்சு) எண்டு நிலை வந்த பிறகு அச்செடுத்து வையுங்கோ. அது போக, 2025 ஐப்பசியிலிருந்து (ஒக்ரோபர்) இந்தியாவுக்குள்ள போற வெளிநாட்டவர் இ-அறைவல் காட் (வருகை அட்டை) எண்டு ஒண்டு இணையத்தில் நிரப்ப வேணும். இறங்குறதுக்கு முந்தின 72 மணித்தியாலத்துக்குள்ள நிரப்பலாம். அதுக்குக் காசில்லை, காசு கேட்கிற தளம் எல்லாம் போலி.

முதலாம் கேள்வி: பலாலி. யோசிக்கவே தேவையில்லை. 72 வயது ஆளை ராத்திரி முழுக்க ஏ9 வீதியில் பஸ்ஸில் இருத்தி, கட்டுநாயக்காவில் இன்னும் மூன்று மணித்தியாலம் காக்க வைச்சு, பிறகு ஒண்டரை மணித்தியாலம் அளவுப் பறப்புக்கு ஏத்துறதில் அர்த்தமில்லை. பலாலியிலிருந்து ஒண்டேகால் மணித்தியாலம் அளவில் சென்னை. ஆனால் ஒரு நிபந்தனை: ஓடுறது ஏரிஆர் 72 வகைக் குட்டி விமானம், ஒரு சேவை நிண்டால் பின்னால வாற இன்னொண்டில் ஏத்திவிட இடமிராது. அதனால போய் இறங்கின அண்டைக்கே டொக்டரைப் பார்க்க நேரம் எடுக்காதேங்கோ. திரும்பி வந்த அடுத்த நாள் கலியாண வீடு, பரீட்சை எண்டு எதையும் வைக்காதேங்கோ. இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாள் சும்மா கிடக்கட்டும்.

—

வளசரவாக்கத்தார்:

மேல மாவைக்கந்தன் சொன்ன விசா விபரம் சரி. நான் மூன்றாம் கேள்விக்கு வாறன்.

தி.நகர் எல்லாத்துக்கும் கிட்ட எண்டது வரைபடத்தில் மட்டும் உண்மை. சென்னையை ஒரு ஊர் எண்டு எடுத்தால் பிழைப்பியள். கிரீம்ஸ் வீதிச் சந்துகளுக்குள்ள போனால் கடைப் பலகை வங்காளத்தில் கிடக்கும், சாப்பாட்டுக் கடையில் மீன்குழம்பும் வங்காளச் சுவையில்தான்; வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வாற ஆக்களுக்காகவே அந்தச் சந்து வாழுது. சௌகார்பேட்டையில் ஹிந்தி தெரிஞ்சால்தான் விலை இறங்கும். மண்ணடி துறைமுக வியாபாரம், சாமான் கட்டி அனுப்புறவையின்ர உலகம். மயிலாப்பூரில் விடிய ஐந்து மணிக்கு கோலம், இரவு ஒன்பதுக்கு ஊர் அடங்கிவிடும். தி.நகர் இரவு பத்து வரைக்கும் தலை மட்டுமே தெரியிற சனம். தரமணிப் பக்கம் கணினிக் கம்பனிக்காரரின் நகரம். எந்த வேலை கூட நாள் எடுக்குதோ, எந்த ஆள் நடக்க ஏலாமல் இருக்கோ, அதுக்குக் கிட்டத் தங்கிறதுதான் கணக்கு. உங்களுக்கு அது அம்மாவின்ர கண்.

அதனால நுங்கம்பாக்கம், இல்லாட்டி எழும்பூர். எழும்பூரில் புறநகர் ரெயிலும் இருக்கு, மெட்ரோவும் இருக்கு, லொட்ஜும் எல்லா விலையிலும் இருக்கு. நுங்கம்பாக்கம் விலை கூட, ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஐந்து பத்து நிமிசம்.

அறை போடுறதுக்கு முந்தி ஒரு கேள்வி கேட்டே ஆக வேணும்: "சி ஃபோம் போடுவீங்களா?" வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள்ள விடுதிக்காரர் அந்தப் படிவத்தை இணையத்தில் பதிய வேணும். அந்தப் பதிவு வசதி இல்லாத சின்ன லொட்ஜுகள் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் "ரூம் இல்ல சார்" எண்டுவினம். இணையத்தில் காசு கட்டி உறுதிப்படுத்தின அறையும் வாசலில் வைச்சு இல்லையெண்டு ஆகும். போன் எடுத்து "இலங்கைப் பாஸ்போட், மூன்று பேர்" எண்டு சொல்லி, வாட்ஸ்அப்பில் பதில் வாங்கி வையுங்கோ. சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் வீட்டுக்காரர் அதே படிவம் போட வேணும். கனபேருக்கு இது தெரியாது.

விமான நிலையத்திலிருந்து: 2023 சித்திரையில் திறந்த புதிய இரண்டாம் முனையத்தில் இறங்குவியள். மூன்று வழி.

மெட்ரோ – விமான நிலையத்துக்குள்ளேயே நிலையம். நீல வழித்தடம், ஆயிரம் விளக்கு வரைக்கும் மாறாமல் போகலாம், அங்கிருந்து நுங்கம்பாக்கம் ஓட்டோ. எழும்பூர் எண்டால் பச்சை வழித்தடம், ஆலந்தூரில் அல்லது சென்ட்ரலில் மாற வேணும்.

புறநகர் ரெயில் – ஜிஎஸ்ரி வீதிக்கு அங்கால திரிசூலம் நிலையம். மிக மலிவு, மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர் எல்லாம் இதே பாதையில். ஆனால் படி, சனம், பெட்டி மூன்றும் சேர்ந்தால் அம்மாவுக்குச் சரிவராது. வெறுங்கையோட ஊர் சுத்துறதுக்கு வையுங்கோ.

ரக்சி – வருகைப் பகுதியிலேயே பிரீபெய்ட் கவுண்டர் இருக்கு. போனில் பிடிக்கிற வண்டிகள் வாசலில் நிக்காது, அடுக்கு வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்த்தான் ஏற வேணும். நுங்கம்பாக்கம் 15 கிலோமீற்றர் அளவு. மாலை ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையில் ஊரும். முதல் நாளுக்கு நான் பிரீபெய்ட் ரக்சிதான் சொல்லுவன், மற்ற நாளுகளுக்கு மெட்ரோ.

கோயிலையும் நூலகத்தையும் ஒரே நாளில் முடிக்கலாம், இதை ஒருத்தரும் சொல்ல மாட்டினம். கபாலி கோயிலுக்குக் கிட்ட திருமயிலை பறக்கும் ரெயில் நிலையம் இருக்கு. அதே பாதையில் மந்தைவெளி, கோட்டூர்புரம், திருவான்மியூர் தாண்டினால் தரமணி. காலமை ஏழுக்குக் கோயில், வடக்கு மாட வீதியில் காலைச் சாப்பாடு, ஒன்பதரைக்கு ரெயில். மத்தியானம் நடை சாத்திப்போடுவினம், மறுபடி நாலு மணி, அதனால ஒழுங்கை மாத்தாதேங்கோ. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக மயிலாப்பூர் லஸ் பக்கமும் தி.நகர் பனகல் பூங்காப் பக்கமும் வீதியை வெட்டித் தகரம் அடிச்சிருப்பினம். ஓட்டோக்காரர் சுத்திப் போனால் ஏமாத்துறார் எண்டு உடன சண்டைக்குப் போகாதேங்கோ.

நூலகத்துக்குப் போறதுக்கு முந்தி அவையின்ர பட்டியலை இணையத்தில் தேடி, வேண்டிய நூல்களின் பெயரும் பதிப்பாண்டும் எழுதி மின்னஞ்சல் போடச் சொல்லுங்கோ மகளுக்கு. பழைய தாள் உடையும் எண்டதால பலதை நேரே தராமல் படமாக்கினதைத்தான் காட்டுவினம். சி.வை. தாமோதரம்பிள்ளை, ஆறுமுக நாவலர் பதிப்புகளில் பல சென்னையில்தான் அச்சேறினது. சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவர். அந்த வகையில் மகள் பழைய தடத்தில்தான் போறா.

—

கண்ணாடி:

கண் விசயத்தில் இரண்டு விளக்கம். இது சின்னதாத் தெரியும், ஆனால் உங்கட முழுத் திட்டத்தையும் இதுதான் தீர்மானிக்கும்.

ஒண்டு: விழித்திரை பார்க்கிறதுக்கு கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து விடுவினம். அதுக்குப் பிறகு நாலைந்து மணித்தியாலம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அண்டைக்குக் கூறைக் கடை வேண்டாம், அம்மாவுக்கு நிறமே தெரியாது. கறுப்புக் கண்ணாடி கொண்டு போங்கோ. முதல் வருகை ஒரு முழு நாள் எடுக்கும்: பதிவு, பார்வை அளவு, அழுத்தம், சொட்டு, ஸ்கான், பிறகு டொக்டர். நீரிழிவு மருந்தும் சாப்பாடும் கையோட. காலமை விரதமாகப் போகத் தேவையில்லை, சாப்பிட்டிட்டே போங்கோ. கடைசி மூன்று மாதத்து எச்பிஏ1சி (இரத்தச் சீனியின்ர சராசரி) அறிக்கை இருந்தால் ஒரு இரத்தப் பரிசோதனை மிச்சம்.

இரண்டு, முக்கியமானது: லேசர் அல்லது கண்ணுக்குள்ள ஊசி எண்டால் பறக்கிறதுக்குப் பொதுவாகத் தடையில்லை, டொக்டரிடம் ஒருக்கால் கேட்டால் போதும். ஆனால் விழித்திரை கழண்டு, சத்திர சிகிச்சை செய்து, கண்ணுக்குள்ள வாயு நிரப்பினால் விமானத்தில் ஏறவே கூடாது. விமானம் மேல போகேக்க அதுக்குள்ள காற்றழுத்தம் குறையும், அந்த வாயு விரியும், கண்ணின்ர அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நிண்டு பார்வை போகும். எஸ்எஃப்6 எண்ட வாயு எண்டால் கரைய இரண்டு மூன்று கிழமை, சி3எஃப்8 எண்டால் ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை. குமிழ் முழுக்கப் போச்சுது எண்டு டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பறக்கலாம். கையில் ஒரு பட்டி கட்டி விடுவினம், அதைக் கழட்டாதேங்கோ. வாயுவுக்குப் பதிலாக சிலிக்கன் எண்ணெய் வைச்சால் பறக்கலாம், ஆனால் அதை எடுக்க இன்னொரு தரம் போக வேணும். சத்திர சிகிச்சைக்கு முந்தியே "நாங்கள் விமானத்தில் யாழ்ப்பாணம் திரும்ப வேணும்" எண்டு சொல்லுங்கோ. சில வேளை அதை வைச்சே வாயுவா எண்ணெயா எண்டு முடிவெடுப்பினம்.

இதுக்குத்தான் 60 நாள் மெடிக்கல் விசா. மாவைக்கந்தன் சொன்னதுக்கு இதுதான் உண்மையான காரணம்.

—

உரும்பிராய்_கிழக்கு:

எல்லாருக்கும் நன்றி. வாயு விசயம் நினைச்சே பார்க்கேல்லை. அப்படி ஒண்டு நடந்து, ஆறு கிழமை நிக்க ஏலாட்டி? காங்கேசன்துறைக் கப்பலில் வரலாமோ?

சேலை பன்னிரண்டும் கூறையும் சின்ன விமானத்தில் ஏத்துவினமோ எண்டதையும் ஆராவது சொல்லுங்கோ. காசு எப்படிக் கொண்டு போறது?

—

மாவைக்கந்தன்:

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஐப்பசியில் தொடங்கி, நிண்டு, 2024 ஆவணியில் திரும்ப ஓடினது. ஏறக்குறைய நாலு மணித்தியாலம். கடல் மட்டத்தில் போறதால வாயு விரியாது, அந்த வகையில் நியாயமான கேள்வி. ஆனால் டொக்டர் குப்புறப் படுக்கச் சொல்லியிருந்தால் கப்பல் ஆட்டத்தில் அது முடியாது, முதல் ஒண்டிரண்டு கிழமைக்கு மறந்திடுங்கோ. சென்னையிலிருந்து நாகபட்டினம் 300 கிலோமீற்றர். வாடைக் காலத்தில் கடல் குழம்பினால் ஓடாது. விசா பக்கமும் பாருங்கோ: இ-விசாவில் உள்ள நுழையிறதுக்கு எந்தெந்த விமான நிலையம், துறைமுகம் எண்டு அந்த அரசாங்கத் தளத்தில் பட்டியல் இருக்கு. வெளியேறுறது எந்தக் குடிவரவுச் சாவடியாலும் செய்யலாம். அப்ப போறது விமானம், வாறது கப்பல் எண்டது விசாவுக்கு முரணில்லை.

காசு: இலங்கை ரூபாயைச் சென்னையில் மாத்துறது நட்டம். கடவுச்சீட்டு, விசா, ரிக்கெற் காட்டி இங்க வங்கியில் டொலர் வாங்கிக்கொண்டு போங்கோ. விமான நிலையத்தில் ரக்சிக்கும் சாப்பாட்டுக்கும் காணுமளவு மட்டும் மாத்தி, மிச்சத்தைத் தி.நகரிலோ நுங்கம்பாக்கத்திலோ மாத்தினால் விலை நல்லது. தாளாக 5,000 டொலருக்கு மேல கொண்டு போனால் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்க வேணும். வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து விடச் சொல்லி வெளிக்கிட முந்தியே சொல்லுங்கோ. அங்க தேத்தண்ணிக் கடையிலும் கியூஆர் படம்தான் தொங்கும், உங்களிட்ட இந்திய வங்கிக் கணக்கில்லை, அதனால பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள் எப்பவும் பையில் இருக்கட்டும்.

நகை: அம்மாவும் நீங்களும் தாலிக்கொடி தடிப்பாகப் போட்டுக்கொண்டு போகாதேங்கோ. சென்னைச் சுங்கம் தங்கத்தில் கண்ணாயிருக்கும். ஆற்றையும் பொதியும் வாங்கிக் கொண்டு வரவும் வேண்டாம், "ஒரு சின்னப் பாசல்தான் அக்கா" எண்டு விமான நிலையத்தில் கேட்கிறவை உண்டு. குருவிகளை (கூலிக்குக் கடத்தல் சாமான் காவுறவையை) பிடிக்கிற இடத்தில் நீங்கள் குருவி இல்லையெண்டு நிரூபிக்கிறது லேசில்லை.

—

வளசரவாக்கத்தார்:

சேலை நிறை: நல்ல காஞ்சிபுரப் பட்டு ஒண்டு 600 கிராமிலிருந்து ஒரு கிலோ வரைக்கும், சரிகையைப் பொறுத்து. பதின்மூன்று சேலை பெட்டி, தாள் சேர்த்து 12, 13 கிலோ எண்டு வையுங்கோ. மூன்று பேரின்ர பொதியில் பிரிச்சு வைச்சால் பிரச்சினையில்லை. கடைக்காரர் தாற அட்டைப் பெட்டிகளை அங்கேயே விட்டிட்டு வாங்கோ, இடத்தைத் தின்னுறது அதுதான். ரிக்கெற்றில் எத்தனை கிலோ எண்டு ஆளுக்காள் வித்தியாசமாக விக்கினம், வாங்கேக்க அந்த வரியைப் பாருங்கோ. கவுண்டரில் வைச்சுக் கிலோவுக்குக் கட்டுறதை விட முந்தியே இணையத்தில் கூட்டினால் மலிவு. கைப்பை ஏழு கிலோ, அதோட ஏரிஆர் இல் மேல்தட்டு சின்னன். சில்லுப் பெட்டி உள்ள போகாது, விமானத்தடியில் வாங்கிக் கீழ போடுவினம். கூறையையும் ஆஸ்பத்திரிப் படங்களையும் மருந்தையும் அந்தப் பெட்டியில் வைக்காமல் தோள் பையில் வையுங்கோ.

கூறையை முதல் முழு நாளிலேயே எடுங்கோ, கடைசி நாளில் இல்லை. சட்டை தைக்கவும் சேலைக்கு விழுது முடியவும் தி.நகரில் மூன்று நாலு நாள் கேட்பினம். அவசரம் எண்டால் கூலி இரட்டிப்பு, வேலையும் பாதி. கிழமை நாளில் காலமை பத்தரைக்குக் கடை திறக்கேக்க போனால் சேலை காட்டுறவை பொறுமையாக விரிச்சுக் காட்டுவினம். ஞாயிறு பின்னேரம் ரங்கநாதன் தெருவில் உங்களை நீங்களே தேட வேண்டி வரும். நுங்கம்பாக்கத்திலிருந்து ரெயிலில் ஏறினால் கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம், இறங்கினால் அந்தத் தெருதான். பட்டுக்கு சில்க் மார்க் (அசல் பட்டு எண்டு காட்டுற) சீட்டு இருக்கோ எண்டு பாருங்கோ, சரிகை வெள்ளிச் சரிகையா வெறும் சாயமா எண்டு பில்லில் எழுதிக் கேளுங்கோ. பில் இங்க வரேக்க சுங்கத்துக்கும் உதவும்.

நாலாம் கேள்வி மிஞ்சிக் கிடக்கு. ஆறு நாள் மட்டுமட்டு. முதல் நாள் இறங்கிப் படுக்கை, இரண்டாம் நாள் கூறை (அம்மா அறையில்), மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி, நாலாம் நாள் கோயிலும் நூலகமும், ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இரண்டாம் சந்திப்பும் தையல்காரரும், ஆறாம் நாள் விமானம். சும்மா கிடக்கிற நாள் இதில் இல்லை. எட்டாக்குங்கோ. இறங்கிற நாள் வெள்ளி, சனியாக வராமல் பாருங்கோ, ஞாயிறில் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவும் இல்லை, நூலகமும் இல்லை.

—

கொத்தியாவத்தை:

ஒரு சின்ன மாற்று யோசனை. 2025 பங்குனிக் கடைசியிலிருந்து திருச்சி–பலாலி விமானமும் தொடங்கினது. கண்ணுக்கு நுங்கம்பாக்கம்தான் எண்டு முடிவாகாட்டி, மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியும் கண்ணுக்குப் பேர்போனது. திருச்சியிலிருந்து மதுரை ரெயிலில் இரண்டரை மணித்தியாலம் அளவு, தங்கிற செலவு சென்னையை விடக் குறைவு. நூலகம் மட்டும் இடிக்கும்.

(பலாலி–சென்னை புதுசு எண்டு கனபேர் நினைக்கினம். எயார் சிலோனின்ர முதல் பறப்பே 1947 மார்கழி (டிசம்பர்) 10 இல் கொழும்புப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில் (இண்டைய பலாலி) தரிச்சு சென்னை போனதுதான், டக்கோட்டா விமானத்தில்.)

சாப்பாட்டுச் சாமான் கொண்டு போறதெண்டால்: மிளகாய்த்தூள் கைப்பையில் விடமாட்டினம், பெரிய பொதியில் வையுங்கோ, திரும்பி வரேக்கயும் அப்படித்தான். பவர் பாங்க் அதுக்கு எதிர்ப்பக்கம், கைப்பையில் மட்டும். மாம்பழம், செடி, விதை வேண்டாம், தாவரத் தடுப்பில் எடுத்துப்போடுவினம். கருவாடு எண்டால் இரண்டு மூன்று பொலித்தீனில் காற்றுப் போகாமல் ஒட்டி, கூறை இருக்கிற பெட்டிக்குக் கிட்டவும் வைக்காதேங்கோ.

—

உரும்பிராய்_கிழக்கு:

எட்டு நாளாக்கிறம், செவ்வாய்க்கிழமை இறங்கிற மாதிரி. அம்மாவின்ர அறிக்கைகளை இண்டைக்கே ஸ்கான் பண்ணி அனுப்புறன். கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் அம்மாவுக்கு இன்னும் ஐந்து மாதம்தான் கிடக்கு, முதல் அதைப் புதுப்பிக்க வேணும். பழைய இலக்கத்தில் விசா போடாமல் விட்டது நல்லதாப் போச்சுது.